குடிப்பிறப்பும் குடிப்பொறுப்பும்: வழக்குரைஞர் பொன்னம்பலம் இராமநாதனின் குடிவழி



ஒருவரைப் பற்றிப் பேச்செழுந்தால் அவர் யார் மகன், எவர் பெயரன், எந்த ஊரார் என்று கேட்பது தமிழரிடையே இன்றும் மாறாத வழக்கம். அக்கேள்வி அன்பினாலும் எழும்; சாதியைத் தெரிந்துகொள்ளும் சூழ்ச்சியாலும் எழும். முன்னது உறவைத் தேடுவது. பின்னது வேலியைத் தேடுவது. இவ்விரண்டையும் பிரித்தறியாத கரணியத்தால்தான் குடிப்பெருமை பேசுவோர் பலர், தாம் ஒன்றும் செய்யாது, தம் பாட்டன் செய்ததைச் சொல்லிச் சொல்லியே வாழ்நாளைக் கழிக்கின்றனர்.

திருவள்ளுவர் இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர். குடிமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அத்துடன் நில்லாது, குடிசெயல்வகை என்று இன்னோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது நற்குடிப் பிறந்தாரின் இயல்பைக் கூறுவது. பின்னது தான் பிறந்த குடியை உயர்த்த ஒருவன் மேற்கொள்ள வேண்டிய உழைப்பைக் கூறுவது. பிறப்பு ஒருவன் கேளாமலே வந்து சேர்வது. உழைப்போ அவன் கைப்பட்டே விளைவது. எனவே ஒரு குடியை அளக்கும் அளவுகோல் அது யாரைப் பெற்றது என்பதன்று. பெற்றவரைக் கொண்டு பிறர்க்கு என்ன செய்தது என்பதே.

இவ்வளவுகோலைக் கொண்டு அளந்து பார்ப்பதற்குரிய குடும்பம் ஒன்று ஈழத்தில் உண்டு. வழக்குரைஞராகவும், சட்டமன்ற உறுப்பினராகவும், அரசின் சட்டத்துறைத் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கிய சர் பொன்னம்பலம் இராமநாதனின் குடும்பமே அது. அவர்தம் பாட்டனார், தந்தையார், தாய்மாமன், அண்ணன், தம்பி, மாமன் மகன் என்று மூன்று தலைமுறையினர் ஒருவரை விஞ்சி ஒருவராக எழுந்து நின்றனர். அவர்கள் கொடுத்தவை மிகப் பல. அவர்கள் தவறியதும் உண்டு. இரண்டையும் ஒருசேரக் காண்பதே அவர்கட்குச் செய்யும் உண்மையான நன்றிக்கடன்.

இரு மொழிகளுக்கு நடுவே எழுந்த குடி

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், பருத்தித்துறையை அடுத்த கெருடாவில் என்னும் சிற்றூர் இக்குடியின் வேர். அங்கே 1783-இல் பிறந்தவர் குமாரசாமி முதலியார். அவர் இளைஞராக இருந்த காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் கையினின்று ஆங்கிலேயர் கைக்கு மாறின. புதிதாக ஆள வந்தவர்களுக்கு மக்கள் மொழி தெரியாது. மக்களுக்கோ ஆள்வோர் மொழி தெரியாது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்க வல்லவரே அன்று தேவைப்பட்டனர். குமாரசாமி ஆங்கிலம் கற்றார், கொழும்புக்குச் சென்றார், அரசின் தலைமைத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

1833-இல் இலங்கையில் சட்டமன்று அமைக்கப்பெற்றது. அலுவலர் அல்லாத உறுப்பினர்களுள் தமிழர்க்கென அமர்த்தப்பெற்ற முதல் உறுப்பினர் அவரே. 1836-இல் அவர் மறைந்தபொழுது அவர்தம் மகன் முத்துக்குமாரசாமி சிறு குழந்தை.

இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். இக்குடிக்கு முதலாக வாய்த்தது பரந்த நிலமும் அன்று, அரசமரபும் அன்று. இரு மொழிகளில் வாய்த்த புலமையே அதன் முதல். வெள்ளையராட்சியில் ஆங்கிலம் படித்து அலுவல் பெற்றவர் ஆயிரவர். அவருட் பலர் ஆங்கிலம் வந்ததும் தமிழை விட்டனர். அலுவல் வந்ததும் ஊரை மறந்தனர். இக்குடியோ இரண்டையும் விடவில்லை. அதனாலேயே அது பேசப்படுகிறது.

குமாரசாமி முதலியாரின் மகள் செல்லாச்சி அம்மையார். குடிப்பெருமை எழுதுவோர் ஆண்களின் பெயர்களையே அடுக்குவர். பெண்களின் பெயரை மறைத்து விடுவர். ஆனால் இக்குடியின் இரு கிளைகளையும் இணைக்கும் கணு இவ்வம்மையாரே. முத்துக்குமாரசாமிக்கு அவர் உடன்பிறந்தவர். இராமநாதனுக்கு அவர் தாய். அவரை மணந்தவர் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியார். கொழும்புக் கச்சேரியில் பணப்பொறுப்பாளராகப் பணியாற்றிய இவர், கொழும்பு கொச்சிக்கடையில் 1850-களில் சிவன் கோவில் ஒன்றை எழுப்பினார். துறைமுகத்தை ஒட்டிய அப்பகுதியில் பிழைப்புக்கென வந்து குடியேறிய தமிழர்க்கு அக்கோவில் ஒரு கூடுமிடமாயிற்று. பிற்காலத்தில் மகன் இராமநாதன் அதனையே 1907 முதல் 1912 வரை முற்றிலும் கருங்கல்லால் புதுக்கி எழுப்பினார். பொன்னம்பலவாணேசர் கோவில் என்று இன்றும் நிமிர்ந்து நிற்பது அதுவே. தந்தை இட்ட அடித்தளத்தின்மேல் மகன் கல் அடுக்கியதற்கு இதனினும் நேரான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மாமன் காட்டிய வழி

முத்துக்குமாரசாமி கொழும்பில் கற்று வழக்குரைஞரானார். தம் இருபதுகளின் இறுதியிலேயே சட்டமன்ற உறுப்பினரானார். பின் இங்கிலாந்துக்குச் சென்று 1863-இல் இலண்டன் இலிங்கன்சு இன் என்னும் சட்டக்கழகத்தில் வழக்குரைஞராக ஏற்றுக் கொள்ளப்பெற்றார். கிறித்தவரும் யூதரும் அல்லாத ஒருவர் இங்கிலாந்தின் வழக்குரைஞர் அவையில் சேர்க்கப்பெற்றது அதுவே முதன்முறை. அவர்க்காகத் திறந்த கதவு அவரோடு மூடிக்கொள்ளவில்லை. அதன்பின் ஆசியர் பலர் அவ்வழியே நுழைந்தனர். 1874-இல் அவர்க்குச் சர் பட்டம் வழங்கப்பெற்றது.

அவர் அங்கே வெறுங்கையராய்ச் செல்லவில்லை என்பதே எண்ணத்தக்கது. அரிச்சந்திரன் கதையைக் கூறும் தமிழ் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அதே 1863-இல் இலண்டனில் வெளியிட்டார். தாயுமானவர் பாடல்கள் சிலவற்றையும் ஆங்கிலமாக்கினார். அத்துடன், பாலி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியையும், புத்தரின் பல்லைப் பற்றிய வரலாறான தாதாவமிசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1874-இல் வெளியிட்டார். சிவநெறியில் பிறந்த தமிழர் ஒருவர் சிங்களவர் போற்றும் பௌத்த நூல்களை உலகுக்கு அறிமுகம் செய்தார். பிறர் பெருமையை எடுத்துச் சொல்வதால் தம் பெருமை குன்றிவிடும் என்று அஞ்சாத உள்ளம் அது. இவ்வுள்ளம் அக்குடியில் வழிவழியாக வந்தது. பின்னாளில் அவர்கட்கு ஏமாற்றத்தைத் தந்ததும் இவ்வுள்ளமே.

இங்கிலாந்தில் கெண்டுப் பகுதியைச் சேர்ந்த எலிசபெத்து என்னும் அம்மையாரை அவர் மணந்தார். 1877-இல் கொழும்பில் அவர்கட்கு ஒரு மகன் பிறந்தான். தாயும் மகனும் முன்னே இங்கிலாந்து செல்ல, தந்தை பின்னே புறப்பட இருந்தார். புறப்படும் முன்பே 1879 மே மாதத்தில் அவர் மறைந்தார். தந்தையின் முகத்தையே நினைவிற் கொள்ள இயலாத அவ்விரண்டு அகவைக் குழந்தைதான், பின்னாளில் உலகம் அறிந்த கலையறிஞர் ஆனந்த குமாரசாமி.

மூன்று உடன்பிறந்தார்

பொன்னம்பல முதலியார்க்கும் செல்லாச்சி அம்மையார்க்கும் பிறந்த மூவர் குமாரசாமி, இராமநாதன், அருணாசலம். மூத்தவர் குமாரசாமி வழக்குரைஞர். 1893 முதல் 1898 வரை சட்டமன்றில் தமிழர் சார்பாளர். 1851-இல் பிறந்த நடுவர் இராமநாதன் கொழும்பு இராயல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்று வழக்குரைஞரானார். 1853-இல் பிறந்த இளையவர் அருணாசலம் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் கிறைசுட்சு கல்லூரியில் பயின்றார். அவரும் இங்கிலாந்தில் வழக்குரைஞர் தகுதி பெற்றார்.

1879-இல் தாய்மாமன் மறைந்ததும் சட்டமன்றில் தமிழர்க்குரிய இருக்கை வெறுமையாயிற்று. இருபத்தெட்டு அகவையே நிரம்பிய இராமநாதனை அவ்விருக்கைக்கு அமர்த்த வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் குரலெழுப்பியவர் ஆறுமுக நாவலர். நாவலரின் வாழ்நாளில் இறுதியாண்டு அது. அலுவல்மீது ஆசை கொள்ளாத நாவலர் ஓர் இளைஞர்க்காக மக்களைக் கூட்டிப் பேசினார் என்றால், அவ்விளைஞரிடம் அவர் கண்டது குடிப்பிறப்பை மட்டுமன்று என்று கொள்வது தவறாகாது.

இராமநாதன் 1892 வரை அவ்விருக்கையில் இருந்தார். அதன்பின் அரசின் சட்டத்துறையில் இரண்டாம் நிலைத் தலைமைப் பொறுப்பேற்று 1906 வரை பணியாற்றினார். 1903-இல் அரசரின் வழக்குரைஞர் என்னும் சிறப்பைப் பெற்றார். உயர் முறைமன்றத்தின் பழந் தீர்ப்புகளைத் திரட்டி அவர் வெளியிட்ட தொகுதிகள் அவர் பெயராலேயே வழங்கின. இலங்கை வழக்குமன்றங்களில் தலைமுறை தலைமுறையாக அவை எடுத்துக்காட்டப்பெற்றன. சிதறிக் கிடந்த தீர்ப்புகளைத் தேடித் தொகுப்பது புகழ் தராத பணி. ஆனால் பின்வருவோர் ஒவ்வொருவர்க்கும் வழிகாட்டும் பணி. வெசாக்குத் திருநாளை அரசு விடுமுறை நாளாக்க வேண்டும் என்று பௌத்தர் கேட்டபொழுது அவர்க்குத் துணைநின்றவரும் அவரே. 1885-இல் அவ்விடுமுறை கிடைத்தது.

தம்பி அருணாசலத்தின் பணி வேறு வகையானது. 1875-இல் இலங்கைக் குடியியற் பணிக்குரிய போட்டித் தேர்வில் தேறி அதனுள் நுழைந்த முதல் இலங்கையர் அவர். நடுவராகவும் பின் பதிவுத்துறைத் தலைவராகவும் இருந்தார். நிலப்பதிவும் பிறப்பு, இறப்புப் பதிவுகளும் சீர்கெட்டுக் கிடந்த நிலையை மாற்றினார். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை அவரே நடத்தினார். அதன் அறிக்கை வெறும் எண்களின் அடுக்காக அன்றி, இலங்கை மக்களின் வரலாறும் வாழ்வும் அடங்கிய நூலாகவே அமைந்தது. 1906 முதலே இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். 1913-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றார் என்பது அரசின் கணக்கு. அவர்தம் பொதுத்தொண்டின் பெரும்பகுதி அதன் பின்னரே தொடங்கியது. 1915-இல் குமுகாயத் தொண்டுக் கழகத்தையும், 1919-இல் தொழிலாளர் நலக் கழகத்தையும் நிறுவினார். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர், வேலையை விட்டு நீங்கினால் சிறைக்கு அனுப்பப்படும் கொடுஞ்சட்டம் அன்று இருந்தது. கேம்பிரிட்சில் படித்த அவர், கல்லா ஏழைத் தொழிலாளர்க்காக அச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார். 1920-களின் தொடக்கத்தில் அத்தண்டனைப் பிரிவுகள் நீங்கின.

மாமன் மகன்

தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்த குமாரசாமி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் நிலைத்திணையியலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத்துறைத் தலைவராக இருந்தார். தோரியனைட்டு என்னும் புதிய கனிமத்தைக் கண்டறிந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர் கண்ணில் பட்டதோ கல் மட்டுமன்று. ஆங்கிலக் கல்வியாலும் ஆலைப் பொருள்களாலும் அழிந்துகொண்டிருந்த கைவினைஞர் வாழ்வும் பட்டது. தாய்மொழியையும் தம் நாட்டு உடையையும் கலையையும் இழிவாக எண்ணக் கற்பிக்கும் கல்வி கல்வியே அன்று என்று அவர் எழுதினார். ஆங்கிலத் தாய்க்குப் பிறந்து ஆங்கில நாட்டில் வளர்ந்த ஒருவர், ஆங்கிலேயராய் நடிக்க முயன்ற இலங்கையரை நோக்கி இதனைச் சொன்னார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை அவர் வெளியிட்டார். தில்லைக் கூத்தன் திருவுருவின் பொருளை விளக்கிச் சிவன் கூத்து பற்றி அவர் எழுதிய கட்டுரை முதலில் வெளிவந்தது இலண்டனிலும் அன்று, அமெரிக்காவிலும் அன்று. தமிழகத்திலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை இதழில், 1912-இல். 1918-இல் அது நூலாக வெளிவந்தபின், செப்புத் திருமேனியைப் பேய்வடிவம் என்று இகழ்ந்த மேலை நாட்டார் அதன்முன் கைகட்டி நின்றனர். 1917 முதல் அமெரிக்காவின் பாசுடன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றி 1947-இல் அவர் மறைந்தார்.

பிறர்க்கு உழைத்த கை

1915-இல் சிங்களவர்க்கும் முசுலிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. ஆங்கில அரசு படையாட்சிச் சட்டத்தைப் பிறப்பித்தது. சிங்களத் தலைவர் பலர் சிறையில் அடைக்கப்பெற்றனர். உசாவலின்றிச் சுடப்பட்டோரும் உண்டு. எவரும் வாய் திறக்க அஞ்சிய அந்நாளில் சட்டமன்றில் எழுந்து அரசின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தவர் இராமநாதன். அத்துடன் அமையாது, உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய கடலைக் கடந்து, அறுபத்து நான்கு அகவையில் இங்கிலாந்து சென்று ஆள்வோரிடம் முறையிட்டார். கலகத்தையும் படையாட்சியையும் பற்றி அவர் எழுதிய நூல் 1916-இல் இலண்டனில் வெளிவந்தது. அவர் திரும்பி வந்தபொழுது சிங்களத் தலைவர்கள் அவர் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அக்கலகத்தில் அடிபட்டவர் முசுலிம்கள். அவர்தம் தாய்மொழி தமிழ். தமிழ்த் தலைவர் ஒருவர் தம் இழப்பைப் பெரிதெனக் கொள்ளவில்லை என்று அவர்கள் நொந்தனர். முன்னரே, அவர்கள் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் 1880-களில் எழுதியதை, தமக்குத் தனி இருக்கை கிடைக்காமல் தடுக்கும் முயற்சி என்றே அவர்கள் கருதினர். ஒருவரை உறவென்று கூறுவது எளிது. அவர் துன்புறும்பொழுது உறவாய் நிற்பதே அரிது.

மடலை நம்பிய சட்ட அறிஞர்

இலங்கைக்குத் தன்னாட்சி வேண்டும் என்று சிங்களவரையும் தமிழரையும் ஒன்றுசேர்க்க முனைந்தார் அருணாசலம். யாழ்ப்பாணத் தமிழர் தயங்கினர். எண்ணிக்கையில் சிறுத்த தமிழர்க்கு என்ன காப்பு என்று கேட்டனர். அதற்கு விடையாக 1918 திசம்பரில் சேம்சு பீரிசு, சமரவிக்கிரம என்னும் இரு சிங்களத் தலைவர்கள் உறுதிமொழி மடல்கள் எழுதினர். மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் இருக்கை ஒதுக்கத் தாம் துணைநிற்பதாக அவற்றில் கூறினர். அம்மடல்களை நம்பித் தமிழர் இணைந்தனர். 1919-இல் இலங்கைத் தேசியப் பேராயம் தோன்றியது. அருணாசலமே அதன் முதல் தலைவர்.

1921-இல் தேர்தல் வந்தது. ஒதுக்குவதாகச் சொன்ன இருக்கை ஒதுக்கப்படவில்லை. கொழும்பு நகர இருக்கை உறுதிமொழி எழுதிய சேம்சு பீரிசுக்கே சென்றது. பேராயத்தை உருவாக்கியவர் அதனைவிட்டு வெளியேறினார்.

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! இக்குடியில் வழக்குரைஞர் நால்வர். சட்டத்தையும் முறைமன்றத் தீர்ப்பையும் கரைத்துக் குடித்தவர்கள். ஒருவர்க்கொருவர் நிலம் விற்றாலும் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று நாட்டுக்கே சீர்திருத்தம் செய்தவர் அருணாசலம். அத்தகையவர் ஓர் இனத்தின் வருங்காலத்தை மட்டும் இரண்டு மடல்களை நம்பி ஒப்படைத்தார். அது அறியாமையன்று, தம்மைப் போன்றே பிறரும் சொல் தவறார் என்னும் நன்னம்பிக்கை. ஆயினும் தனி ஒருவரின் நன்னம்பிக்கை அவர்க்கு அணிகலனாகலாம். ஓர் இனத்துக்கு அது காப்பாகாது. சட்டத்தில் எழுதப்படாத உரிமை, கொடுப்பவன் மனம் மாறும் வரைதான் உரிமை.

அருணாசலம் அத்துடன் சோர்ந்து அமரவில்லை. 1923-இல் இலங்கைத் தமிழர் கழகத்தைத் தோற்றுவித்தார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பிற நாடுகளிலும் வாழும் தமிழரெல்லாம் தமிழகம் என்னும் ஒரே உணர்வால் இணைதல் வேண்டும் என்று அங்கே எடுத்துரைத்தார். 1924 சனவரியில், தமிழகத்துக் கோவில்களை வழிபட வந்திருந்த பொழுது மதுரையில் உயிர் நீத்தார்.

1915-இல் சிறையிடப்பட்ட சிங்களத் தலைவர்களுள் ஒருவர் தொ. சே. சேனநாயக்கா. 1948-இல் அவரே விடுதலை பெற்ற இலங்கையின் முதல் தலைமை அமைச்சர். அவ்வாண்டில் அவர் அரசு கொணர்ந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர் பல்லாயிரவரை நாடற்றவராக்கியது. அண்ணன் யாருடைய விடுதலைக்காகக் கடல் கடந்தாரோ அவர் கையாலேயே, தம்பி யாருடைய விடுதலைக்காகப் போராடினாரோ அவர்தம் உரிமை பறிக்கப்பட்டது. இதனைவிடக் கொடிய முரண் வரலாற்றில் அரிது.

குடிக்குள் இருந்த குறை

பிறர் செய்த வஞ்சத்தை மட்டும் பேசி அமைவது முறையன்று. 1911-இல் படித்த இலங்கையர்க்கென ஒரே ஓர் இருக்கை தேர்தலுக்கு விடப்பட்டது. இராமநாதன் சிங்கள மருத்துவர் ஒருவரை வென்றார். அவர்தம் ஆற்றல் அதற்குக் கரணியந்தான். ஆனால் எதிர்த்து நின்றவரின் சாதியை விரும்பாத சிங்களர் பலர் தமிழ் வேளாளர் ஒருவர்க்கு ஒப்போலை இட்டதும் கரணியம். சாதி தந்த வெற்றி இனத்துக்கு அரணாகாது என்பதைப் பத்தே ஆண்டுகளில் காலம் காட்டிவிட்டது.

1928-இல் தொனமூர் ஆணைக்குழு அகவை நிரம்பிய அனைவர்க்கும் ஒப்போலை உரிமை வழங்கப் பரிந்துரைத்தது. முதுமையிலும் அதனை முனைந்து எதிர்த்தார் இராமநாதன். அக்குழுவின் திட்டம் சிறுபான்மைத் தமிழரைப் பெரும்பான்மையின் காலடியில் தள்ளிவிடும் என்று அவர் அஞ்சியது பொய்யாகவில்லை. ஆனால் கல்லாதார்க்கும் உடைமையில்லாதார்க்கும் பெண்களுக்கும் அவ்வுரிமை வேண்டா என்று அவர் கருதியது ஏற்கத்தக்கதன்று. 1913-இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவியவர் அவர். எழுதப் படிக்கக் கற்பித்த பெண்ணின் கையில் ஒப்போலையைக் கொடுக்க மட்டும் அவர் மனம் ஒப்பவில்லை. அந்நாளைய உயர்குடியினர் பலர்க்கும் இருந்த குறைதான் அது. எனினும் பெரியோரின் குறை பெரிதாகவே தெரியும்.

அவர் 1930-இல் மறைந்தார். 1931-இல் ஆண் பெண் அனைவர்க்கும் அவ்வுரிமை கிடைத்தது. அருணாசலத்தின் மகன் சர் அருணாசலம் மகாதேவா 1940-களில் உள்நாட்டு அமைச்சராக விளங்கினார். 1947-இல் யாழ்ப்பாணத் தொகுதியில் அவர் போட்டியிட்டபொழுது, மக்கள் அவரை விடுத்து, அக்குடியைச் சாராத இன்னொரு வழக்குரைஞரான கணபதி காங்கேசர் பொன்னம்பலத்தையே தேர்ந்தெடுத்தனர். கெருடாவில் குமாரசாமி முதலியார் ஆளுநரின் அமர்த்தத்தால் பெற்ற இருக்கை போலன்றி, இவ்விருக்கை பொதுமக்களின் ஒப்போலையால் கைமாறியது. குடிப்பெயரை மட்டும் கண்டு தலையாட்டாது நின்றனர் அம்மக்கள். பாட்டனின் புகழ் பேரனுக்குப் பட்டயம் ஆகாது என்பதை அவர்கள் சொல்லாமற் சொல்லினர்.

எஞ்சி நிற்பவை

பதவிகள் போயின, பட்டங்கள் ஏட்டில் தங்கின. இக்குடியின் பெயரை இன்றும் வாழவைப்பவை எவை? 1921-இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இராமநாதன் தம் பொருளைக் கொட்டி நிறுவிய பரமேசுவரக் கல்லூரி ஒன்று. அக்கல்லூரி வளாகத்திலேயே 1974-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்றது. தம்பி கண்ட பல்கலைக்கழகக் கனவு, அண்ணன் எழுப்பிய கட்டடத்தில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ் மண்ணில் நனவாயிற்று. பிறர்க்கென இழுத்துச் செல்லப்பட்ட வண்டியின் தடம் அழிந்துவிட்டது. தம் மக்களுக்கென இட்ட அடித்தளம் நிலைத்துவிட்டது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இராமநாதனின் மறைவுக்குப் பின் பெண்கள் கல்லூரியைக் கட்டிக் காத்தவர் ஆத்திரேலியாவில் பிறந்து அவரை மணந்து இலீலாவதி எனப் பெயர் ஏற்ற அம்மையார். பரமேசுவரக் கல்லூரியின் தலைவராக இருந்து அதனை வளர்த்தவர் தமிழகத்திலிருந்து வந்து அவர்க்கு மருமகனான சு. நடேசபிள்ளை. குடிப்பணியைத் தாங்கி நின்ற இருவரும் அக்குடியில் பிறந்தவரல்லர். குடி என்பது குருதிவழி மட்டுமன்று; பொறுப்பை ஏற்போர் வழியும் ஆகும் என்பதற்கு இவர்களே சான்று.

ஆகவே, தமிழன்புடையீர், ஒரு குடும்பத்தின் பெருமையைக் கேட்கும்பொழுது அது எத்தனை பட்டங்களைப் பெற்றது என்று கேளாதீர். எத்தனை பள்ளிகளை எழுப்பியது, எத்தனை ஏழைகளின் விலங்கை அறுத்தது, தன் வாயிலை யார் யார்க்குத் திறந்தது, யார்க்கு அடைத்தது என்று கேளுங்கள். திறந்த இடத்தில் அதனைப் பின்பற்றுங்கள். அடைத்த இடத்தில் அதனைக் கடந்து செல்லுங்கள். கெருடாவிலில் பிறந்த ஒரு மொழிபெயர்ப்பாளரின் வழியில் இத்தனை பேர் எழுந்தனர் என்றால், எந்தச் சிற்றூரிலும், எந்தக் குடிசையிலும், எந்தச் சாதியென்று ஒதுக்கப்பட்ட தெருவிலும் அத்தகைய குடி ஒன்று இன்றே தொடங்கலாம். அதற்கு வேண்டுவது முன்னோரின் பெயர்ப்பட்டியன்று. பின்வருவோர்க்காக உழைக்கும் உள்ளமே.